பூஜ்யத்தில் நின்ற முள்

கல்லுளி என்றுதான் அந்தப் பட்டறையில் அவளுக்குப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் அச்சாகிக் கழுத்தில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது, யார் படித்தார்கள்? அவளிடம் ஏதாவது கேட்டால் பதில் வருவதற்குள் கேட்டவருக்குக் கேள்வியே மறந்துவிடும். "வாயத் தொறந்தா உள்ள இருக்கறது கொட்டிடுமா? சரியான கல்லுளிமங்கி!" என்று யாரோ ஒருநாள் சலித்துக்கொண்டார்கள். நாளடைவில் மங்கி தேய்ந்துபோய்க் கல்லுளி மட்டும் நின்றுவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்வதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே!

பட்டறை என்றதும் சுத்தியல் சத்தத்தை நினைத்துவிடாதீர்கள். தகடு வெட்டுகிற, உலோகத்தில் எழுத்துப் பொறிக்கிற லேசர் இயந்திரங்கள் உழைத்து ஓய்ந்து அங்கே பழுது பார்க்க வரும். ஜன்னல் இல்லாத நீளக் கூடம். மேஜைக்கு மேஜை கறுப்புத் திரை. ஒவ்வொரு திரைக்குப் பின்னாலும் மூடி கழற்றிய ஓர் இயந்திரம் மல்லாந்து கிடக்கும். உள்ளே விரல் நீளத்தில் ஒரு படிகம், அதன் இரு பக்கமும் ஒவ்வொரு மிரர். அந்த இரண்டு மிரர்களையும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்க வைப்பது அவள் வேலை. மிரரைத் தாங்கும் திருகை மயிரிழை கூடுதலாகத் திருப்பினாலும் போச்சு, முதலில் இருந்து தொடங்க வேண்டும். அரை நாள் முழுக்கக் குனிந்தபடி ஒரு திருகோடு மல்லுக்கட்டுவது பேச்சுப் பிடிக்காதவர்களுக்கு ஏற்ற வேலைதான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் தானாக வாய் திறப்பாள். அது படிகத்தின் குணம். புதிதாக யார் சேர்ந்தாலும் மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொல்வாள்.

"இதுக்கு நாம வெளிச்சத்த ஊட்டறோம். வாங்கி வாங்கி உள்ள வெச்சுக்கும். இதோட ஜாதி வெளிச்சம் ஒண்ணு பக்கத்துல போனா, வெச்சிருக்கறத அதுகூட சேத்து அனுப்பிடும். எவ்வளவு பக்கத்துல போனா குடுக்கும்கறதுதான் ஒவ்வொரு கல்லுக்கும் மாறும். சிலது ஊதாரி. அந்தப் பக்கம் யாரோ போனாங்கன்னாலே அள்ளிக் குடுத்துடும். கொஞ்சம் ஊட்டினா போதும், லேசர் வந்துடும். ஆனா எதையும் சேத்து வெக்காது. சிலது கஞ்சன். மேல வந்து இடிச்சாத்தான் குடுக்கும். அதுக்கு நிறைய ஊட்டணும். ஆனா உள்ள நிறைய சேத்து வெச்சுக்கும்."

படித்தவர்கள் இதற்கு உமிழ்வுக் குறுக்குவெட்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குறுக்குவெட்டு அகலமாக இருந்தால் ஊதாரி, ஒடுங்கியிருந்தால் கஞ்சன். படிகம் கொடுப்பது மிரர்களில் கசிந்து வீணாவதைவிட ஒரு துளி அதிகமாகும் வரை கதிரே கிடையாது, அதை அளக்கும் மீட்டரின் முள் பூஜ்யத்திலேயே படுத்திருக்கும். அந்த எல்லையைத் தாண்டினால் மட்டும்தான் அது லேசர், அதுவரை வெறும் விளக்கு. இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியாக ஒன்று சொல்வாள். "இந்தக் கல்லு இருக்கே, சூடானா கஞ்சன், குளுந்தா ஊதாரி. அத மட்டும் மறந்துடாதீங்க." சொல்லிவிட்டுத் திருகுக்குத் திரும்பினால் அன்றைய பேச்சு தீர்ந்தது.

அவளுக்கு ஒரு தம்பி. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள், அப்படிப்பட்ட வாய் அவனுக்கு! பட்டறை வைத்த பெயர் ஓட்டைவாய். காலையில் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் மருமகள் சண்டை மதியத்துக்குள் கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். ரகசியம் என்று அவனிடம் எதையும் சொல்ல முடியாது, ஆனால் அவன் இல்லாத நாளில் கூடமே இழவு வீடுபோல் இருக்கும். அக்காதான் சொல்லி அவனைச் சேர்த்துவிட்டாள். படிகங்களைக் குளிர வைக்கும் சில்லர்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை.

அவனுக்குப் பிறவியிலேயே இடது கண் மங்கல். வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. வலது கண் ஒன்றை வைத்துத்தான் அவ்வளவு ஆட்டமும். அதனால்தான் பாதுகாப்புக் கண்ணாடி விஷயத்தில் கல்லுளி யாரையும் விட்டதில்லை. மேலாளரே திரைக்குள் வெறும் கண்ணோடு தலை நீட்டினாலும் கையால் மறித்து வெளியே தள்ளுவாள். அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாத ஜாதி. வருவதும் தெரியாது, போவதும் தெரியாது.

"கண்ணாடி எங்கடா?"

"பைல இருக்குக்கா. மீட்டர் பூஜ்யத்துலதான இருக்கு? இதப் போட்டா எல்லாமே பச்சையாத் தெரியுது. தண்ணி ஒழுகுதா வேர்வை ஒழுகுதான்னே புரிய மாட்டேங்குது. ரெண்டு கண்ணு இருக்கறவங்களுக்கு சரி, எனக்கு இருக்கறதே ஒண்ணு."

"ஒண்ணு இருக்கறதாலதான் சொல்றேன். போடு."

முகத்தைச் சுளித்துக்கொண்டு போடுவான். அவள் தலை திரும்பியதும் நெற்றிக்கு ஏற்றிவிடுவான் என்பது அவளுக்கும் தெரியும்.

அந்த வருடம் வெயில் ஊரைப் போட்டு வறுத்தது. கூடத்தில் மூச்சு முட்டியது. அவள் மேஜைக்குத் தண்ணீர் கொடுத்த சில்லரின் பம்ப் தேய்ந்துபோய், தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வந்தது. படிகம் கஞ்சத்தனம் பண்ண ஆரம்பித்தது. பம்ப்புக்குள் சுழலும் உள்சக்கரம் புதிதாக வாங்கித் தாருங்கள் என்று தம்பி மேலாளரிடம் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டான். வரும் வரும் என்றார் மேலாளர். இயந்திரம் மட்டும் வார முடிவுக்குள் போயாக வேண்டுமாம்!

இப்படிப்பட்ட நேரத்துக்கென்று பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. படிகம் கொடுக்க மறுத்தால் கரண்ட்டை வழக்கத்துக்கு மேல் ஏற்றி ஊட்டுவார்கள். ஏற்றியவர் தன் கழுத்து அட்டையைக் கழற்றி, கரண்ட்டைத் திருகி ஏற்றும் குமிழில் மாட்டிவிட வேண்டும். அட்டை தொங்கினால், சூட்டுக்காக ஏற்றியிருக்கிறது, தண்ணீர்ப் பக்கம் யாரும் கை வைக்காதே என்று அர்த்தம். திடீரென்று குளிர்ந்த தண்ணீர் வந்தால் ஏற்றி வைத்த கரண்ட்டில் படிகம் அள்ளி வீசிவிடும் அல்லவா? எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டாத வழக்கம். ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அன்று அவளும் ஏற்றினாள், அட்டையை மாட்டினாள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் மிரர்கள் பாதி வழியில் நின்றன. முழுக்க அணைத்தால் எல்லாம் ஆறிச் சுருங்கி, காலையில் இருந்து பட்ட பாடு வீணாகிவிடும். அதனால் முள் பூஜ்யத்தில் படுக்கும் அளவுக்கு மட்டும் கரண்ட்டை இறக்கினாள், அப்போதும் அது வழக்கத்துக்கு மேல்தான். பாலைப் பொங்க விடாமல் விளிம்பிலேயே வைத்திருப்பதுபோல ஒரு பக்குவம் அது. கதிர் இல்லை, விளக்குதான். எல்லோரும் செய்வதுதான்.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் கதவு அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். ஏற்றியவர்கள் பக்கத்து மேஜையில் யாரையாவது கூட்டிக்கொண்டு, அவர்கள் அட்டையில் நுழைந்துகொள்வார்கள். "கொஞ்சம் வாங்களேன்" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஆனால் கல்லுளிக்கு அந்த ஒரு வார்த்தைதானே மலை! முள்தான் பூஜ்யத்தில் இருக்கிறதே, போனதும் வந்துவிடலாம் என்று குமிழில் இருந்து அட்டையைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் தம்பி வந்தான். கையில் புது உள்சக்கரம். ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தது. அக்கா திரும்பி வருவதற்குள் மாட்டிவிட்டு, "எப்படி, ஐயா வேல!" என்று பீற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவன் திட்டம். குமிழைப் பார்த்தான், அட்டை இல்லை. மீட்டரைப் பார்த்தான், பூஜ்யம். ஒரு குறையும் சொல்ல முடியாது, பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தான். சக்கரத்தை மாட்டிப் பம்ப்பை ஓட விட்டான். நாள்கணக்கில் வெதுவெதுப்பைக் குடித்துக்கொண்டிருந்த குழாயில் சில்லென்று தண்ணீர் பாய்ந்தது. இணைப்பில் ஒழுகுகிறதா என்று பார்க்கக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஸ்பேனரும் கையுமாகப் படிகத்தின் பக்கம் குனிந்தான்.

படிகம் குளிர்ந்தது. கஞ்சன் ஊதாரி ஆனான். கரண்ட்டை யாரும் தொடவில்லை, முள் மட்டும் எழுந்தது. அது அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஈர ஸ்பேனரின் பளபளப்பில் பட்டுத் தெறித்த கதிர் நேராக அவன் வலது கண்ணுக்குள் போனது.

அவள் திரைக்குள் நுழைந்தபோது முதலில் பார்த்தது தம்பியை அல்ல, முள்ளை. அது பூஜ்யத்தில் இல்லை. பாய்ந்து போய்க் கரண்ட்டை அணைத்தாள். பிறகுதான் திரும்பினாள். அவன் தரையில் உட்கார்ந்து கையை முகத்துக்கு முன்னால் ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, யாரோ மூஞ்சிக்கு நேரா போட்டோ புடிச்ச மாதிரி இருந்துச்சு. இப்ப நடுவுல கையக் காணோம்கா. ஓரம் மட்டும் தெரியுது. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்ல?"

அவள் கழுத்தில் தொங்கிய அட்டையைத்தான் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சரியாகவில்லை. நடுவிழித்திரை கருகிவிட்டது, உள்ளே இரத்தமும் கசிந்திருக்கிறது என்றார் மருத்துவர். கண்ணுக்குள் ஊசி போட்டார்கள், ஏதேதோ செய்தார்கள். வடு பரவி, தெரிந்துகொண்டிருந்த ஓரமும் போய்விட்டது. இனி இரண்டு கண்ணுக்கும் வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டோடு படுத்திருந்தவன் அக்காவின் கையைத் தடவிக் கேட்டான். "அக்கா, குமிழ்ல கார்டு இல்லையே? நான் நல்லாப் பாத்தேனே. இல்லதான?"

அவள் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

விசாரணை வைத்தார்கள். பட்டறையின் தவறு என்று முடிவானால் அவனுக்கு உட்கார்ந்தபடி செய்யப் பொட்டலம் கட்டும் பிரிவில் ஒரு வேலை கொடுக்க வேண்டும். அவன் தவறு என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மேலாளர் பேனாவைத் தட்டிக்கொண்டே கேட்டார். "குமிழ்ல கார்டு மாட்டியிருந்துச்சா, இல்லையா?"

ரகசியம் என்று சொன்னதை ஒரு வேளை சாப்பாட்டுக்குள் ஊருக்கே ஒலிபரப்பும் ஓட்டைவாய், அந்த ஒன்றை மட்டும் மென்று விழுங்கினான்.

"இருந்துச்சு சார். நான்தான் கவனிக்கல. கண்ணாடியும் போடல. என் தப்புதான்."

பக்கத்து நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். இப்போது வாயைத் திற, திறந்து தொலையேன் என்று நமக்கே கத்தத் தோன்றுகிறது. திறக்கவில்லை அந்த மகராசி! சொன்னால் தன் வேலையும் போகும், தம்பி மனைவியையும் சேர்த்து வீட்டில் மூன்று பேரும் தெருவில் நிற்பார்கள், அதற்காகத்தானே அவன் இப்படிச் சொல்கிறான் என்று மனதுக்குள் ஆயிரம் சப்பைக்கட்டு கட்டினாள். கட்டி முடிப்பதற்குள் விசாரணையும் முடிந்துவிட்டது.

மாடிப்படி ஏறிப் போகும் இரண்டு அறை வீடு அவர்களுடையது. முன்னறையில் தம்பி மனைவியின் தையல் மெஷின், பின்னறையில் சமையலும் படுக்கையும். தம்பி மனைவி நல்லவள்தான். ஆனால் பயத்தில் இருப்பவளின் வாய் நல்லதாக இருக்குமா? துணியை மெஷினில் தள்ளிக்கொண்டே திட்டுவாள்.

"மூஞ்சிக்கு நேரா கார்டு தொங்கிட்டு இருந்துச்சாம், தொரைக்குத் தெரியலையாம்! வாய் மூடாம பேசிட்டு இருந்திருப்பீங்க. அண்ணி எத்தன தடவ தலையில அடிச்சுக்கிட்டாங்க, கண்ணாடி போடு கண்ணாடி போடுன்னு. கேட்டீங்களா? இப்ப அனுபவிங்க. எங்களையும் சேத்து அனுபவிக்க வெச்சுட்டீங்க."

திட்டியவளே பிறகு அழுவாள், அழுதுகொண்டே அவன் கையில் தட்டைப் பிடிக்கக் கொடுப்பாள். அடுத்த நாள் மறுபடியும் திட்டு. கல்லுளி பக்கத்தில் உட்கார்ந்து தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவாள், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பாள், காலையில் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவாள். மழைக்காலம் வந்து போனது.

தம்பி பேசுவதே இல்லை என்பது அவளுக்கு வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது. கீழ்வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்து ஏதாவது கதை எடுத்தாலும் "ம்" என்பான். முதலில் கண் போன துக்கம் என்றுதான் நினைத்தாள். ஒருநாள் கீழ்வீட்டுக்காரர் எங்கேயோ தண்ணீர் மோட்டார் ரிப்பேர் ஆன கதையைச் சொன்னார். தம்பியின் முகம் பழையபடி மலர்ந்தது. "அதாங்க, எங்க பட்டறைலயும் இப்படித்தான், பம்ப்பு தேஞ்சு போச்சுன்னு வைங்க..." என்று துள்ளிக்கொண்டு ஆரம்பித்தவன், சட்டென்று நிறுத்தி உதட்டைக் கடித்துக்கொண்டான்.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. எதைப் பேச ஆரம்பித்தாலும் அது பம்ப்புக்குப் போய், பம்ப்பில் இருந்து குமிழுக்குப் போய்விடும் என்ற பயத்தில் அவன் மொத்தமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறான். பேசினால்தான் உயிரோடு இருப்பதாகத் தோன்றுகிற பிள்ளை! கண்ணைப் பறித்தது போதாதென்று வாயையும் அல்லவா பிடுங்கிக்கொண்டேன் என்று நினைத்தவள், கையில் இருந்த தம்ளரை வைத்துவிட்டு எழுந்து பின்னறைக்குப் போனாள்.

அன்று சாப்பிடும்போது தம்பி மனைவி வழக்கம்போல் ஆரம்பித்தாள். "கார்டு தொங்கிட்டு இருந்துச்சாம்..."

"தொங்கல" என்றாள் கல்லுளி.

தம்பி மனைவி கரண்டியும் கையுமாக நிமிர்ந்தாள்.

"கார்டு குமிழ்ல இல்ல. நான் கழட்டிட்டு சாப்பிடப் போயிட்டேன். அவன் எல்லாத்தையும் சரியாத்தான் பாத்தான். எனக்காகப் பொய் சொன்னான்."

"அக்கா!" தம்பி தட்டைத் தள்ளினான். "ஏன்க்கா சொன்ன? இத்தன நாள் நான் எதுக்கு வாயப் பொத்திட்டு உக்காந்திருந்தேன்?"

தம்பி மனைவி அவனைப் பார்க்கவில்லை. கல்லுளியைத்தான் பார்த்தாள். குரலை உயர்த்தவே இல்லை. "தெனமும் நான் இவரத் திட்டுனேனே அண்ணி. பக்கத்துல உக்காந்து கேட்டுட்டே சாப்பிட்டீங்களா?"

கல்லுளி சாப்பாட்டைப் பாதியில் விட்டுத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் காலையில் மேலாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் பேனாவைத் தட்டுவதை நிறுத்தினார், கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இப்ப எதுக்கும்மா இது? உன் தம்பி அவன் வாயாலயே ஒத்துக்கிட்டாச்சு. கேஸ் முடிஞ்சுது. இத நீ கிளறினா, விளிம்புல விட்டுட்டுப் போற பழக்கத்த ஏன் அனுமதிச்சீங்க, பம்ப்ப ஏன் மாத்தலன்னு என்னையும்தான் கேப்பாங்க. அவனுக்கு ஒண்ணும் கெடைக்கப் போறதில்ல. போய் வேலயப் பாரு."

போய் வேலையைப் பார்த்திருப்பாள், பழைய கல்லுளியாக இருந்தால். கூடத்தின் நடுவில் போய் நின்றாள். கொஞ்ச நேரம் வாய் மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. எல்லாத் திரைகளுக்கும் கேட்கும்படி, கண்ணாடி அணிந்த முகங்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கப் பார்க்க, முழுவதையும் சொன்னாள். பெரும்பாலானவர்கள் தங்கள் குமிழ்களைத்தான் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். அவள் அட்டையைக் கழற்றி, தான் வேலை பார்த்த மேஜையின் குமிழில் மாட்டிவிட்டு வெளியே வந்தாள். அட்டை இல்லாததால் வாசல் கதவைக் காவலாளி வந்துதான் திறந்துவிட வேண்டியிருந்தது. மேலாளர் சொன்னதுதான் பலித்தது. தம்பிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது தம்பி மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்திருந்தான். காலடிச் சத்தத்திலேயே கண்டுகொண்டான். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வந்தது தெரிந்தும் அது நிற்கவில்லை.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"வேல?"

"போச்சு."

அவன் தலையை ஆட்டினான். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு அவன், எவ்வளவோ நாளாக மனதில் வைத்துக் காத்திருந்ததுபோல, மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, நீ உள்ள வந்ததும் மீட்டரப் பாத்தல்ல? முள்ளு எங்க நின்னுச்சு?"

பூசி மெழுகலாம் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. பெரிய எண்ணாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. அவன் கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் சேர்த்து, நடுவில் ஒரு நகத்தின் கனம் மட்டும் இடைவெளி விட்டாள்.

"பூஜ்யத்துக்கு மேல இவ்வளவுதான்."

அவன் அந்த இடைவெளியை மற்றக் கையின் விரலால் தடவித் தடவிப் பார்த்தான். விரல் அதற்குள் நுழையவில்லை.

"அவ்வளவுதானா?" என்றான்.